காற்று எந்தப் பக்கம்?

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நெட்டையரைக் கடல்சுவரின் விளிம்பில் விட்டுவிட்டுப் போனோம். பயப்பட வேண்டாம், அவர் விழவில்லை. சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் போட்டான் மச்சினன். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் மல்லாந்தார்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"காத்து தள்ளிடுச்சு," என்றார் நெட்டையர்.

"ஆமாக்கா, காத்துதான் தள்ளிடுச்சு," என்றான் மச்சினன், யாரும் கேட்காமலே.

பின்னால் ஓடிவந்த மனைவியும் அதை நம்பினாள். நம்பி வீட்டுக்கு வந்து, முழங்காலில் மருந்து தடவி, திட்டி, சிரித்து, தூங்கியும் விட்டாள். இன்று காலை பால்கனியில் துணி எடுக்கப் போகும்வரை அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

புதிதாக வந்து சேருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டில் யாரையும் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிடும் வழக்கமில்லை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்; எந்த வாசலிலும் குனிந்தே நுழைய வேண்டியவர், அதனால் நெட்டையர். மனைவிக்குச் செவித்திறன் மையத்தில் வேலை. ஊரில் உள்ள காதையெல்லாம் சோதிப்பவள், அதனால் காதம்மா. அவளுடைய தம்பி நெட்டையரிடமே உதவி மெக்கானிக். எழுந்தது முதல் படுக்கும்வரை வாய் மூடாதவன், அதனால் ரேடியோ.

மூவரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கடலோர மாரத்தானில் ஓடப்போகிறார்கள். ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற குளிரில், காற்று ஆளைத் தூக்குகிற பருவமாகப் பார்த்து இந்தப் பந்தயத்தை எந்தப் புண்ணியவான் வைத்தானோ தெரியாது. அதன் கடைசிப் பகுதிதான் கடல்சுவர். மூன்று பேர் சேர்ந்து ஓடும் அகலம். இடது பக்கம் கீழே பாறையும் கடலும். வலது பக்கம் இரண்டு படி இறங்கினால் ரோடு. பந்தயத்தன்று ஓரமாகக் கயிறு கட்டுவார்கள். மற்ற நாட்களில் அதுவும் கிடையாது.

அங்கே ஓடிப் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு விதி. காற்று கடலிலிருந்து வரும்வரை சுவர் மேல் ஓடலாம். தள்ளினாலும் ரோட்டுப் பக்கம்தான் தள்ளும். ஊர்ப் பக்கமிருந்து அடிக்க ஆரம்பித்துவிட்டால் யாராக இருந்தாலும் இறங்கிவிட வேண்டும்.

இந்த மூவருக்கு மட்டும் இன்னொரு விதி உண்டு. முன்னால் ஒருவர் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஓடுவார். மற்றவர்கள் அவர் முதுகின் மறைவில் ஓடுவார்கள். பின்னால் இருப்பவர் "மாத்து!" என்று கத்தினால், முன்னால் இருப்பவர் வலது பக்கம், ரோட்டுப் பக்கமாக ஒதுங்கிப் பின்னால் போய்விட வேண்டும். அடுத்தவர் முன்னால் வருவார். ஆறு குளிர்காலமாக இப்படித்தான் ஓடுகிறார்கள். காதம்மாவுக்குத் தன் கணவரின் முகத்தைவிட முதுகுதான் அதிகப் பழக்கம் என்று ரேடியோ கேலி செய்வான்.

போன ஞாயிறு அவள் மூன்று முறை "மாத்து!" என்று கத்தினாள். நெட்டையர் ஒதுங்கவில்லை. பிறகு திடீரென்று தலையைத் திருப்பினார், கால் தடுமாறியது, இடது பக்கமாகச் சாய்ந்தார்.

இனி, இன்று காலை.

பால்கனிக் கொடியில் கிடந்த துணிகள் எல்லாம் காற்றில் எழும்பி வீட்டுச் சுவரோடு அப்பிக்கொண்டிருந்தன. நெட்டையரின் ஓட்டச் சட்டை அவள் முகத்திலேயே அறைந்தது. எரிச்சலோடு அதை உருவி எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே, கட்டடங்களுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு துண்டுக் கடல். காற்று அங்கிருந்து வருகிறது. அதனால்தான் துணி வீட்டுப் பக்கம் பறக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் இதே காற்றுதான். அவளுடைய இடது கன்னம் மரத்துப் போயிருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

அப்படியானால் அவரை ரோட்டுப் பக்கம் அல்லவா தள்ளியிருக்க வேண்டும்? அவர் சாய்ந்தது கடல் பக்கம். காற்றை எதிர்த்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார்.

காதம்மா துணிகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

சமையலறை மேசையில் நெட்டையர் ரொட்டியில் முட்டையை வைத்து மடித்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து போக வந்திருந்த ரேடியோ, அவருக்கு இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான்.

"...அந்த ஆறாவது மாடி அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? லிஃப்ட் முனகுதாம். முதுகு வலியாம் அதுக்கு! நீங்களாவது பாருங்கன்னு மாமாகிட்ட..."

"இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?" என்றாள் அவள், கணவரின் இடது தோளுக்குப் பின்னால் நின்று. மெதுவாகத்தான் கேட்டாள்.

நெட்டையர் ரொட்டியைக் கடித்தார்.

"அக்கா டீ வேணுமான்னு கேக்குறா மாமா," என்றான் ரேடியோ.

"ஊத்து ஊத்து," என்றார் நெட்டையர், சட்டென்று நிமிர்ந்து சிரித்து. "குளிருக்கு ஒரு அண்டா குடிக்கலாம்."

அவள் ஊற்றினாள். கோப்பை நிரம்பியதைக் கவனிக்காததில் தட்டில் சிந்தியது. இதே மாதிரி எத்தனை முறை? அக்கா கூப்பிடுறா மாமா. அக்கா சாவி எங்கன்னு கேக்குறா மாமா. ஒரு மாதமாக இவன் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ரேடியோ ஓயாமல் பேசுவதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

இன்னொன்றும் உறைத்தது. இவன் எப்போதும் வலது பக்க நாற்காலியில்தான் உட்காருவான். ஜன்னலோரம், வெயில் படும் என்று சண்டை போட்டுப் பிடித்த இடம் அது. எப்போது இடம் மாறினான்?

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி பாக்குற?"

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் ஓட்டம் உண்டுதானே?"

"கடைசி ஒத்திகை, விடுவோமா?" என்றார் நெட்டையர். அவள் வாயைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். அதையும் இன்றுதான் கவனித்தாள்.

இருவரும் படியிறங்கிப் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருவைக் கடக்கும்போது ரேடியோ ஓடிப்போய் அவருடைய இடது பக்கம் சேர்ந்துகொண்டான்.

செவித்திறன் மையத்தில் காதம்மாவின் அறையை இரண்டாகப் பிரிப்பது ஒரு தடித்த கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் புகாத சின்ன அறை, ஒரு நாற்காலி, ஹெட்போன், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பட்டன். இந்தப் பக்கம் அவளும் அவள் மெஷினும். அவள் சத்தம் அனுப்புவாள். அது கேட்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் மேசையில் ஒரு பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தப் பச்சை விளக்கை நம்பி எத்தனையோ பேருக்குச் சோறு.

அன்று முதலில் வந்தவர் ஒரு பள்ளி பஸ் டிரைவர். கனத்த மீசை, கழுத்தைச் சுற்றி மப்ளர். உட்காரும்போதே, "என் காது பாம்புக் காது மேடம்," என்றார்.

வலது காது ஒழுங்காகத்தான் இருந்தது. இடது காதிலும் பச்சை விளக்கு டக் டக்கென்று எரிந்தது. அவள் மனசு பால்கனியிலேயே இருந்ததால், ஒரு சத்தத்துக்கு அழுத்த வேண்டிய விசையை அழுத்தாமல், விரலை மட்டும் அதன் மேல் வைத்துவிட்டு எடுத்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

காதம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த முறை வேண்டுமென்றே விரலை வைத்து எடுத்தாள். மறுபடியும் எரிந்தது. டிரைவர் கண்ணாடி வழியாக அவள் கையையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். "ஐயா, நான் சத்தமே குடுக்கலியே."

டிரைவர் ஹெட்போனைக் கழற்றினார். மீசை தொங்கிவிட்டது. "தெரிஞ்சு போச்சா? உங்க கைதான் மேடம் காட்டிக் குடுத்துச்சு. கை போச்சுன்னா சத்தம் வருதுன்னு அர்த்தம், அழுத்திடலாம்னு..."

"பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற வண்டி ஐயா."

"அந்தப் பயத்துலதான் வந்தேன். பயத்துலதான் ஏமாத்தவும் பாத்தேன். என்ன பண்ண சொல்றீங்க?"

அவரை மருத்துவரிடம் அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்தவரைக் கூப்பிடவில்லை.

மழை ஆரம்பித்த நாட்களில் நெட்டையரும் இதே நாற்காலியில் உட்கார்ந்தார். லிஃப்ட் கம்பெனியில் வருஷா வருஷம் காது, கண் எல்லாம் பார்த்து அனுப்பச் சொல்வார்கள். வீட்டு ஆளை வீட்டு ஆளே சோதிக்கக் கூடாது என்பது மையத்தின் வழக்கம். சக ஊழியர் அன்று விடுப்பு. "நாளைக்கு வாங்களேன்," என்று அவள் சொல்லத்தான் செய்தாள். "எனக்கு நீதான் பாக்கணும், வேற யாரையும் என் காதைத் தொட விட மாட்டேன்," என்று அவர் கொஞ்சினார். அவளும் வழிந்தாள். ஆமாம், வழிந்தாள், அந்த வார்த்தையைத்தான் இப்போது தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டாள்.

எல்லாச் சத்தத்துக்கும் பச்சை விளக்கு எரிந்தது. "நெட்டையன் காதுன்னா கொக்கா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனார். அவள்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

ஆனால் அவர் அன்று அவள் கையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்கிடாதீங்க என்று அவள் கேலிகூடச் செய்தாள். கையைப் பார்க்காமல் ஏமாற்ற முடியாது. அப்படியானால் அவர் காது நன்றாகத்தான் இருக்க வேண்டும். இருக்க வேண்டுமே.

மதியம் தம்பியை போனில் பிடித்தாள். பின்னால் இரும்புச் சத்தம். லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்ட்டுக்குள் இருந்தான்.

"சொல்லுக்கா! சாப்டியா? நாங்க இங்க ஒரு கிழட்டு லிஃப்டோட மல்லுக்கட்டிட்டு இருக்கோம். மாமா மேல நிக்குறாரு, நான் கீழ..."

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஞாயித்துக்கிழமை காத்து எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு?"

ரேடியோ நின்றுவிட்டது.

பிறந்ததிலிருந்து அவனை அவளுக்குத் தெரியும். காய்ச்சலில் உளறியிருக்கிறான், தூக்கத்தில் பேசியிருக்கிறான், அப்பா போன அன்றைக்கும் அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்தான். இப்படி ஒரு மௌனத்தை அவனிடம் அவள் கேட்டதே இல்லை.

"மாமாகிட்ட கேளுக்கா," என்றான் கடைசியில், குரல் இறங்கி. "நான் சத்தியம் பண்ணிட்டேன்."

"மேல நிக்குறவருக்கு நீ கீழேருந்து கத்தினா கேக்குதாடா?"

"இப்போ நான் கத்துறதில்ல. கம்பியைத் தட்டுவேன். காலுல அதிரும்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான் போலிருக்கிறது. "அக்கா, வெக்கிறேன்," என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் நெட்டையர் ஓட்ட உடையிலேயே மையத்துக்கு வந்தார். மற்ற ஊழியர்கள் போய்விட்டிருந்தார்கள். தலையில் கம்பளித் தொப்பி, கையுறை, மூக்கு சிவந்திருந்தது. கதவு நிலையில் குனிந்து நுழைந்தார்.

"என்ன காதம்மா, அவசரமா வரச் சொன்னே? ரேடியோ ஏற்கெனவே சுவருக்குப் போயிட்டான். ஓரத்துலயே ஓடிப் பழகணுமாம். மூஞ்சிய வேற தூக்கி வெச்சிருக்கான், ஏதாவது சொன்னியா?"

"மெஷின் சரியா இருக்கான்னு பாக்கணும். கொஞ்சம் உக்காருங்க. ஒரே நிமிஷம்."

"நான் என்ன உனக்கு வெள்ளெலியா?" என்று சிரித்தார். ஆனால் உட்காருவதற்கு முன் ஒரு கணம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹெட்போனை அவளே மாட்டிவிட்டாள். வலது காது முதலில். எல்லாம் சரி. பிறகு இடது காது.

அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மெஷினைத் தொடவே இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். மேசை மேல் இருந்த விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு, சும்மா மூச்சு விட்டாள்.

கடவுளே, எரியக் கூடாது.

பச்சை விளக்கு எரிந்தது.

அணைந்தது. அவள் மூச்சை இழுத்து விட்டாள். எரிந்தது. மறுபடி இழுத்து விட்டாள். மறுபடி எரிந்தது. கொஞ்சம்கூடத் தப்பவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மூன்று காலடிக்கு இழுத்து இரண்டு காலடிக்கு விடுகிற ஓட்டக்காரர்களின் மூச்சு. ஆறு குளிர்காலமாக அவள் மூச்சு அவர் முதுகிலேயே பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கே தெரியாமல் அவள் விரலும் அந்த மூச்சுக்குத்தான் விசையை அழுத்திக்கொண்டிருந்தது. அவருக்குக் கையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டால் போதும், அவள் எப்போது மூச்சு விடுவாள் என்பது அவருக்குத் தெரியும். சத்தம் மெலிந்துகொண்டே போகும்போது எந்த இடத்தில் அழுத்துவதை நிறுத்த வேண்டும் என்பதும் வருஷா வருஷம் உட்கார்ந்து பழகியவருக்குத் தெரியும்.

ஒரு மனுஷன் தன் மனைவியை இவ்வளவு தூரம் அறிந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் தோள் குலுங்கிய பிறகும் விளக்கு இரண்டு முறை எரிந்தது. பிறகு நின்றுவிட்டது.

கதவு திறந்தது. ஹெட்போன் கழுத்தில் தொங்க, குனிந்து நின்றார் நெட்டையர்.

"நீ சத்தமே குடுக்கலியா?" என்றார்.

"ஒண்ணுகூட இல்ல."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு மூலையில் அடங்கிவிட்டது.

"எப்பலேருந்து?"

"மழை ஆரம்பிச்சப்போ. ஒரு நாள் காலைல எந்திரிச்சா இடது பக்கம் அடைச்சிருந்துச்சு. சளியா இருக்கும், போயிடும்னு நெனச்சேன். அப்புறம் தலை சுத்த ஆரம்பிச்சுது. சட்டுன்னு திரும்பினா தரை அப்படியே இடது பக்கம் சரியும். கொஞ்ச நேரம்தான். நின்னுடும்."

"அந்த வாரம்தானே நீ என் முன்னாடி உக்காந்த? இதே நாற்காலியில?" கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை 'நீ' என்று சொன்னதில்லை. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. "ஒடனே மருந்து குடுத்திருந்தா திரும்ப வர வாய்ப்பு இருந்துச்சு. முதல் ஒண்ணு ரெண்டு வாரம்தான் அதுக்கு நேரம். எத்தனை பேருக்கு நான் இதைச் சொல்லி அனுப்பியிருக்கேன்! நீ வந்தே. என் முன்னாடி உக்காந்தே. நான் சிரிச்சு அனுப்பி வெச்சேன்."

"உன் தப்பு இல்ல. நான் ஏமாத்தினேன்."

"ஏன்?"

"வேலை போயிடும். லிஃப்ட் மேல நிக்குறவனுக்கு ஒரு காது இல்லைன்னா யாரு ஏத்துவா? அதைக்கூடத் தாங்கியிருப்பேன். 'இவனுக்கு இனிமே முடியாது'ன்னு நீ எழுதணும். உன் கையால. அதை உன்னை எழுத வைக்க எனக்கு மனசு வரல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பந்தயம் முடியட்டும், சொல்லிடலாம்னு இருந்தேன். மூணு பேரும் சேர்ந்து ஓடுறது இதுதான் கடைசின்னு எனக்குத் தெரியும்."

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய வலது பக்கத்தில்.

"ஓட்டம் கிடையாது. நாளைக்கு ஷாஃப்ட்டுக்குள்ளயும் போகக் கூடாது. காலைல டாக்டரைப் பாக்குறோம்."

"சரி," என்றார். இவ்வளவு சீக்கிரம் சரி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சுமையை இறக்கிவைத்தவர் போல அவருக்கு மூச்சு நீளமாக வந்தது.

"ரேடியோவை வையாதே. அவன் இல்லைன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன். வேலையில அவன்தான் எனக்கு இடது காது. ஓட்டத்துலயும் அவன்தான். நீ பின்னாடியிருந்து 'மாத்து'ன்னு கத்தினா எனக்கு எங்க கேக்குது? அவன்தான் கேட்டுட்டு ஒரு அடி இடது பக்கம் போவான். கடலுக்கும் எனக்கும் நடுவுல நின்னுக்கிட்டு முதுகுல ஒரு தட்டு தட்டுவான். அப்புறம்தான் நான் ஒதுங்குவேன். தலை சுத்திச் சாய்ஞ்சாலும் அவன் மேலதான் சாய்வேன், தண்ணியில இல்ல. ஒரு மாசமா இதையே பழகியிருக்கோம். தூக்கத்துல 'மாத்து'ன்னு சொன்னாலும் அவன் கால் இடது பக்கம்தான் போகும்." லேசாகச் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை ஷூ லேஸ் அவுந்துச்சுன்னு பின்தங்கிட்டான். அந்த நேரம் பாத்து நீ கத்திட்டே. ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு, திரும்பினேன். நல்லவேளை, ஓடிவந்து சட்டையைப் பிடிச்சுட்டான். அதுலேருந்து பய அழாத குறைதான். இனிமே அந்த ஓரத்தை விடவே மாட்டேன்னு தனியா ஓடிப் பழகுறான், பைத்தியக்காரன்."

அவள் சிரித்தாள், அழுகைக்கு நடுவே வந்த சிரிப்பு. தம்பியை ஒரு அறை அறைய வேண்டும், பிறகு கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

"வாங்க. அவன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வீட்டுக்குப் போலாம்."

மையத்திலிருந்து கடல் ரோடு பக்கத்திலேயே. விளக்கு இன்னும் போடவில்லை, வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். காதம்மா கணவரின் இடது பக்கமாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி இதுதான் என் இடம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

கடல் ரோட்டுக்கு வந்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று உடனே தெரியவில்லை. குளிர் அதே குளிர்தான். ஆனால் முகத்தில் அறையவில்லை. முதுகில் அறைந்தது. அவள் முடி முன்னால் பறந்து வாயில் சிக்கியது.

சுவரோரக் கம்பங்களில் பந்தயக்காரர்கள் கட்டியிருந்த சிவப்புத் துணிகளைப் பார்த்தாள். காலையிலிருந்து ஊர்ப் பக்கம் பறந்துகொண்டிருந்தவை, இப்போது ஒன்று விடாமல் கடலை நோக்கி விறைத்து நின்றன.

காற்று திரும்பிவிட்டது.

சுவர் மேலே ஓடிப் பழகுகிறவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டிருந்தார்கள். ரோட்டில் கூட்டமாக நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர் மேல் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். மஞ்சள் சட்டை. கம்பங்களைத் தாண்டி முன்னால் போய்விட்டிருந்தான், துணிகள் எல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால்.

"அங்க பாரு, நம்ம பய," என்றார் நெட்டையர்.

நடுச்சுவரில் ஓடவில்லை அவன். இடது ஓரத்தில் ஓடினான். வலது பக்கம் ஒரு ஆளுக்கான இடத்தை விட்டு, பாறைக்கு மேலே விளிம்பை ஒட்டி, தலையை அடிக்கடி வலது பக்கம் திருப்பி, அங்கே இல்லாத நெட்டையரைப் பார்த்துப் பார்த்து, காற்று திரும்பியதைக்கூடக் கவனிக்காமல் ஓடினான். ஒவ்வொரு வீச்சுக்கும் அவன் சட்டை கடல் பக்கம் புடைத்து எழுந்தது.

"இறங்குடா!" என்று காதம்மா கத்தினாள்.

அவன் திரும்பவில்லை. ரோட்டில் நின்ற நாலைந்து பேரும் இறங்கு, இறங்கு என்று ஆளுக்கொரு பக்கமாகக் கத்தினார்கள். எல்லாம் சேர்ந்து வெறும் இரைச்சலாகப் போனது. அவள் கணவரின் கையை உதறிவிட்டு ஓடினாள். ஓடிக்கொண்டே யோசித்தாள், எந்தச் சத்தத்திலும் அவன் காதில் விழுகிற வார்த்தை ஒன்று உண்டே. அதைக் கேட்டால் வலது பக்கம் ஒதுங்கிவிடுவான். ரோட்டுப் பக்கம். ஆறு குளிர்காலமாக அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்.

நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தாள்.

பின்னால் நெட்டையர், "வேண்டாம்! அதை மட்டும் கத்தாதே!" என்று அலறியது அவளுக்குக் கேட்டது. ஏன் என்று புரிவதற்குள் வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது.

"மாத்து!"

ஒவ்வொரு நாளும் அந்தக் கூச்சலைப் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று, இன்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் குரலை ஏந்திக்கொண்டுபோய் நேராக அவனிடம் சேர்த்தது.

ரேடியோவுக்கு இரண்டு காதும் நல்ல காது. தெளிவாகக் கேட்டது. ஒரு மாதமாகப் பழகிய கால், யோசிக்காமல் ஒரு அடி இடது பக்கம் எடுத்து வைத்தது.